வெள்ளைத் துணி விவாதம்

மனிதகுலத்தின் நன்மையை முன்னிட்டும், மனநல மருத்துவத்தின் வரலாற்றை நாளை எழுதப்போகிறவர்களின் வசதியைக் கருதியும், மிக முக்கியமான அறிவிப்பு ஒன்றோடு என் வாக்குமூலத்தைத் தொடங்குகிறேன். இந்த அறையின் மின்விசிறி கிரீச்சிடுகிறது.

நான் சொல்வதைப் பதிவு செய்கிறீர்கள். நாளைக்கு யாராவது போட்டுக் கேட்டால் என் குரலுக்கு நடுவே எலி கத்துவதுபோல் இருக்கும், அதற்காகச் சொன்னேன். என் மைத்துனன் இருந்தால் நாற்காலியில் ஏறி ஒரு சொட்டு எண்ணெயில் சரிசெய்துவிட்டு இறங்கியிருப்பான். நான் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் இனிக் கால் வைப்பதில்லை என்று அவன் சொல்லிவிட்டதாகக் கேள்வி. பரவாயில்லை. எலியோடு சேர்ந்தே ஆரம்பிக்கலாம்.

நீங்கள் மூவரும் யார் என்று எனக்குத் தெரியும். நடுவில் இருப்பவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வலப்பக்கம் எங்கள் பல்கலைக்கழகப் பதிவாளர். நாங்கள் இருவரும் எத்தனையோ கூட்டங்களில் ஒன்றாகத் தூங்கியிருக்கிறோம். இடப்பக்கம் இருக்கும் இளம் டாக்டர் என் மாணவியின் மாணவி. அம்மா, நான் வந்ததிலிருந்து நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எவ்வளவு நாளாக இந்தப் பழக்கம் என்று பிறகு சொல்லுங்கள். அவசரமில்லை.

குற்றச்சாட்டு இரண்டு. நல்ல திடமாக இருந்த ஒருவனுக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லி, இருபது வருடத்துக்கு மேலாக மாத்திரை கொடுத்தேன் என்பது ஒன்று. இன்னொன்று பால் சம்பந்தப்பட்டது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

என் மனைவிக்கு ஒரே தம்பி அவன். லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் எவ்வளவு உயரமாக இருந்தாலும், உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் கத்துவார்கள் என்பது அவன் வாழ்க்கையில் கண்ட தத்துவம். விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். சாப்பாட்டைவிடப் பேச்சுதான் அதிகம்.

"அத்தான், நேத்து ஒரு பேங்க் சேர்மன் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டார். 'நான் யாருன்னு தெரியுமாய்யா உனக்கு'ன்னு உள்ளேருந்து ஒரே சத்தம். 'தெரியலையே சார், கதவு மூடியிருக்கே'ன்னேன்."

இன்னொரு நாள், "உங்க டிபார்ட்மென்ட் லிஃப்ட்ல எட்டு பேர் ஏறலாம்னு எழுதியிருக்கு அத்தான். அதை நாலுன்னு மாத்தச் சொல்லுங்க. தலைக்கனத்தையும் சேர்த்துத்தானே எடை போடணும்?"

இப்படி அவன் ஏதாவது சொன்னதும் என் மனைவி எழுந்து குளியலறைக்குப் போய்விடுவாள். குழாயை முழுதாகத் திறந்துவிடுவாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். தம்பியின் பேச்சு அவளுக்குச் சங்கடமாக இருக்கிறது, முகம் கழுவப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். தண்ணீர் வீணாவதைப் பற்றி ஓரிரு முறை சொல்லியும் பார்த்தேன்.

துறைத் தலைவராக நான் பதவியேற்றபோது பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தில் என் ஏற்புரை நடந்தது. தலைப்பு, 'மௌனத்தின் உள்ளமைப்பும் அதன் எல்லைகளும்: சில தொடக்கநிலைக் குறிப்புகள்'. மண்டபத்தில் முந்நூறு பேர். அவர்களில் ஒவ்வொருவருடைய தேர்வோ, பதவி உயர்வோ, குறைந்தபட்சம் விடுப்பு விண்ணப்பமோ என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இதை வெறும் தகவலாகச் சொல்கிறேன். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மௌனத்தைப் பற்றிய உரைக்கு இதைவிடச் சிறந்த சபை அமையாது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உரையின் நடுப்பகுதியில், மேற்கோள்கள் சூடு பிடிக்கும் இடத்தில், கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கமுக்கமான சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன் நாற்காலியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. என் மைத்துனன். அதோடு நின்றிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருக்கலாம். சிரித்தபடியே எழுந்தான், சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை உருவினான், அதை ஆட்டிக்கொண்டு மேடையை நோக்கி ஓடிவந்தான். இரண்டு காவலாளிகள் பாதி வழியில் அவனைப் பிடித்து, தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அடுத்த மேற்கோளுக்குப் போனேன். முந்நூறு பேரும் அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "சட்டையைக் கழட்டுங்க, காலரை ஊற வைக்கணும்" என்றாள்.

"உன் தம்பி செஞ்சதைப் பார்த்தியா?"

"சின்னப் பையன், ஏதோ சிரிச்சிட்டான். விடுங்க."

"முந்நூறு பேர் சிரிக்கலை. அவன் மட்டும் ஏன் சிரிக்கணும்?"

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சட்டையை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

ஆனால் நான் அவளிடம் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றுக்கும் விதை. முந்நூறு பேர் ஒரு மாதிரி, ஒருவன் வேறு மாதிரி. சாதாரண மனிதன் இதைக் கேட்டால் முந்நூறு பேருக்கும் என்ன ஆயிற்று என்று யோசிப்பான். எங்கள் படிப்பில் அப்படி இல்லை. எங்கள் படிப்பில் அந்த ஒருவன்தான் நோயாளி.

அந்த வாரமே எழுத உட்கார்ந்தேன். 'சபையில் தனித்துச் சிரித்தல்: பணிவுக்குறை நோயின் முதல் பதிவு'. இலக்கணம் இதுதான்: மதிப்புக்குரிய ஒருவர் பேசும்போது, சபை முழுவதும் அமைதியாக இருக்க, ஒருவர் மட்டும் சிரித்தல். என் குருநாதரை நாங்கள் பெரியவர் என்போம். கட்டுரையைப் படிக்காமலே தன் பெயரை முதலில் போடச் சொன்னார். போட்டேன். ஏற்புரையன்று அவர் முதல் வரிசையில் நல்ல உறக்கத்தில் இருந்தவர், ஆகவே நடுநிலையான சாட்சி. ஆய்விதழ் கட்டுரையை யாரோ ஒரு நிபுணருக்கு அனுப்பியது. 'ஒரே ஒரு நோயாளியை வைத்து இவ்வளவு பெரிய முடிவா?' என்று அவர் கேட்டிருந்தார். கீழேயே, தன்னுடைய ஐந்து கட்டுரைகளை நான் மேற்கோள் காட்டத் தவறியது வருத்தமளிப்பதாகவும் எழுதியிருந்தார். ஐந்தையும் மேற்கோள் காட்டினேன். அவருடைய வருத்தமும் தீர்ந்தது, கேள்வியும் தீர்ந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொல்லவில்லையா?

சிகிச்சைக்கு அவன் எப்படிச் சம்மதித்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவாளர் அவர்களுக்கு நினைவிருக்கும். விழாவைக் குலைத்ததற்காக அவன்மேல் வழக்குப் போட அலுவலகம் தயாராக இருந்தது. நான்தான் குறுக்கே விழுந்து, அவன் குற்றவாளி இல்லை, நோயாளி என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு அவனை உட்காரவைத்து, "மாப்பிள்ளை, வழக்கா, மாத்திரையா?" என்று கேட்டேன்.

"எவ்வளவு நாளைக்கு அத்தான்?"

"கொஞ்ச நாள்தான்."

"நீங்க சொன்னா சரி" என்றான். அப்போது கூட அவன் கண் என் மூக்குக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்ததைக் குறித்துக்கொண்டேன்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. முதல் மாதத்திலேயே சிரிப்பு நின்றது. பேச்சும் குறைந்தது. யார் என்ன சொன்னாலும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தலையை மெதுவாகக் குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டான். இதைவிடப் பணிவு ஏது? லிஃப்ட் கம்பெனியில் ஒருநாள் அவன் கையிலிருந்து ஸ்பானர் நழுவி நான்கு மாடி கீழே விழுந்தது. யார் தலையிலும் விழவில்லை. இருந்தாலும் ஃபோர்மேன் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணோடு கல்யாணப் பேச்சு இருந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இவன் தூங்கிவிட்டான் என்று இரண்டு முறை வருத்தப்பட்டாள். மூன்றாவது முறை வருத்தப்பட அவள் வரவில்லை.

நான் கைவிடவில்லை. எங்கள் துறையின் லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூல் போட்டு, பொத்தான் அமுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் அமுக்கக்கூடிய பொத்தான்தான். ஆனால் மாணவர்களுக்கு வசதி. நோயைப் பாடத்தில் படித்துவிட்டு அப்படியே நான்காவது மாடிக்குப் போகும்போது நேரிலும் பார்த்துவிடலாம். கட்டுரையில் அவன் நோயாளி எண் ஒன்று. கட்டடத்தில் அவன் 'நம்பர் ஒன் சார்'. வெளிநாட்டிலிருந்து வரும் பேராசிரியர்கள் அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அவன் "மேலே போகுது" என்பான். இறங்கும்போது "கீழே போகுது" என்பான். அவ்வளவுதான் பேச்சு.

கட்டுரையின் செல்வாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுயபுராணம் என்று நினைக்காதீர்கள், விசாரணைக்குத் தேவையானது. முதலில் என் மாணவர்கள் மேற்கோள் காட்டினார்கள், மதிப்பெண் வேண்டியிருந்தது. பிறகு அவர்களுடைய மாணவர்கள், முன்னவர்கள் காட்டியதால். அதன்பின் கட்டுரையைப் படித்தவர்களைவிட மேற்கோள் காட்டியவர்கள் அதிகமானார்கள். ஒரு கட்டத்தில் நானே அதைத் திரும்பப் படிப்பதை விட்டுவிட்டேன். பணிவுக்குறையை அளக்க ஒரு வினாத்தாள் வந்தது. 'மேலதிகாரி பேசும்போது உங்களுக்குக் கொட்டாவி வருகிறதா? எப்போதும், சில சமயம், அவர் பார்க்காதபோது.' அதற்குப் பள்ளிப் பதிப்பு வந்தது, அலுவலகப் பதிப்பு வந்தது, மாமியார்கள் மருமகள்களுக்கு நிரப்பும் வீட்டுப் பதிப்பும் வந்தது. ஒரு வங்கி அந்த வினாத்தாளை வைத்துத்தான் ஆள் எடுத்தது. எந்த வங்கி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை; அதன் சேர்மன் ஒருமுறை லிஃப்டில் மாட்டியவர்.

எதிர்ப்பும் இருந்தது. ஒரு பேராசிரியர், 'இது நோயே அல்ல, நகைச்சுவை உணர்வு' என்று எழுதினார். மறுப்புரை எழுத நான் சிரமப்படவில்லை. அவர் கட்டுரையில் கிண்டல் தொனித்த இடங்களை மட்டும் அடிக்கோடிட்டு அவருடைய துறைத் தலைவருக்கு அனுப்பினேன். மறு ஆண்டு அவரும் நானும் சேர்ந்து ஒரு நூல் எழுதினோம். அடக்கமான மனிதர், இப்போது அதிகம் பேசுவதில்லை.

எல்லாவற்றிலும் பெரியது வெள்ளைத் துணி விவாதம். 'நோயாளி கையில் வெள்ளைத் துணியுடன் மேடையை நோக்கிப் பாய்ந்தார்' என்று கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன். அந்தத் துணியின் பொருள் என்ன? ஒரு சாரார் அது சரணாகதி என்றார்கள்: நோயாளியின் ஆழ்மனம் பணிய விரும்புகிறது, மேல்மனம் சிரிக்கிறது. மறுசாரார் அது பிணத்தின் மேல் போர்த்தும் துணி என்றார்கள்: பேச்சாளரின் சாவை நோயாளி விரும்புகிறார். இரண்டு தடித்த நூல்கள், ஒரு மாநாடு, மாநாட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கைகலப்பு. இரு தரப்பும் என்னைக் கேட்டன. நான் புன்னகை செய்தேன். புன்னகைக்கும் மேற்கோள் கிடைத்தது. நாலு மாடிக்குக் கீழே, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நோயாளியின் சொல் சான்றாகாது என்பது எங்கள் முதல் பாடம்.

சென்ற ஆண்டு, நான் ஓய்வுபெறும் மாதம் நெருங்கியபோது, என் மனைவி ஒரு நாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அந்தப் பழைய ஃபோர்மேன் இப்போ சொந்தமா கம்பெனி வச்சிருக்காராம். தம்பியை வேலைக்கு எடுத்துக்கறேங்கிறார். புதுப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க. குணமாயிடுச்சுன்னு நீங்க ஒரு சர்டிஃபிகேட் மட்டும் குடுத்தா போதும்."

"அது வாழ்நாள் நோய்."

"கொஞ்ச நாள்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அவன்கிட்ட சொன்னது. கட்டுரையில வாழ்நாள்னுதான் இருக்கு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. அன்று கேட்டாள். "அவன் தலை நரைச்சிடுச்சுங்க. இனிமே என்ன சிரிக்கப்போறான்? விட்டுடுங்க."

நான் கல்நெஞ்சன் அல்ல. விஞ்ஞானி. ஆகவே ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டேன். மாத்திரையைப் படிப்படியாக நிறுத்துவது. இரண்டு மாதம் கழித்து எனக்குப் பிரிவுபசார விழா, அதே மண்டபம். அவனை முன்வரிசையில் உட்காரவைப்பது. சிரிக்காமல் இருந்தால் அவன் குணமானவன், அன்றே சான்றிதழில் கையெழுத்து. சிரித்தால் ஆயுளுக்கும் ஸ்டூல். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா?

மாத்திரை குறையக் குறைய அவன் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தான். ஒரு நாள் லிஃப்டின் கதவு கிரீச்சிடுவதை நிறுத்தியிருந்தது. எங்கிருந்தோ எண்ணெய் கொண்டுவந்து விட்டிருக்கிறான். என்னைப் பார்த்தும் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "மேலே போகுது அத்தான்" என்றான். அந்த 'அத்தான்' பல வருடங்களுக்குப் பிறகு வந்தது. வீட்டில் அக்காவும் தம்பியும் ஒருநாள் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "அன்னைக்கு ஒரு நாள் மட்டும் பல்லைக் கடிச்சுக்கோடா. வானமே இடிஞ்சு விழுந்தாலும் சிரிச்சிடாதே" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டால் என் நிலைமை என்ன? வாழ்நாள் நோய் இரண்டே மாதத்தில் போனது என்றால், வினாத்தாள் என்ன ஆவது, வங்கி என்ன ஆவது, இரண்டு தடித்த நூல்கள் என்ன ஆவது? அவன் ஒருவனுக்காக அத்தனை பேரின் உழைப்பைப் பலிகொடுக்க எனக்கு உரிமை இல்லை.

ஒரு சோதனையைத் திரும்பச் செய்யும்போது முதல் முறை இருந்த சூழ்நிலை அப்படியே இருக்க வேண்டும். இது எந்த மாணவருக்கும் தெரியும். அதே மண்டபம் கிடைத்தது. அதே உரையை வாசிப்பதாகச் சொன்னேன், யாருக்கும் நினைவில்லை. புது விளக்குகளைக் கழற்றிவிட்டு, பழையபடி சூடு தகிக்கும் மஞ்சள் விளக்குகளை மாட்டச் சொன்னேன். இன்னொரு சின்னப் பொருளும் தேவைப்பட்டது. மீசைக்குப் போடும் ஒரு கறுப்புச் சாயம். மலிவானது. சூடு பட்டால் வழிகிறது என்று புகார் வந்து, தயாரிப்பதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்த கடைசிப் புட்டியை வாங்கினேன்.

நீதிபதி அவர்கள் ஏதோ கேட்கிறார்.

"அப்போ முதல் தடவையும் மீசைச் சாயம் வழிஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியும்?"

தெரியும். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேனே. மீசையின் இரண்டு முனையிலிருந்தும் தாடை வரை இரண்டு கறுப்புக் கோடுகள். பேச்சின் நடுவே வியர்வையைத் துடைத்ததில் ஒரு கன்னம் காது வரை கறுப்பு. ஆய்விதழில் பக்க வரம்பு உண்டு ஐயா. எல்லா விவரத்தையும் எழுத இடம் தரமாட்டார்கள்.

விழாவுக்கு வருவோம். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் என் மைத்துனன், இஸ்திரி போட்ட சட்டையில். பக்கத்தில் என் மனைவி. மௌனத்தின் உள்ளமைப்பைத் தொடங்கினேன். விளக்குகள் தம் கடமையைச் செய்தன. மேல் உதட்டில் சூடாக ஏதோ ஊர்வதை உணர்ந்தேன். கைக்குட்டையால் ஒரு கன்னத்தைத் தாராளமாகத் துடைத்தேன், முன்பு செய்தது போலவே. அவனைப் பார்த்தேன். அவன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் வாய் திறக்கவில்லை.

சிரிப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. பதிவாளர் அவர்களே, அது உங்களுடையது. இரண்டாவது வரிசை. அதைத் தொடர்ந்து முதலாண்டு மாணவர்கள், பிறகு மூத்தவர்கள், பிறகு என்னோடு நூல் எழுதிய அந்த அடக்கமான மனிதர். மண்டபமே குலுங்கியது. அடுத்த வாரம் நான் ஓய்வுபெறுகிறேன். யாருடைய தேர்வும் விடுப்பும் இனி என் கையில் இல்லை. பேச்சாளரின் ஓய்வு நாள் நெருங்க நெருங்க இந்த நோய் சபையில் பரவுகிறது என்பது அந்த மேடையில் நின்றபடியே நான் கண்டறிந்த உண்மை. இதுவரை யாரும் எழுதவில்லை.

இளம் டாக்டர் கை தூக்குகிறார்.

"சார், சபையோட ஒத்துப்போகாம தனியா இருக்கிறவர்தான் நோயாளின்னு உங்க கட்டுரை சொல்லுது. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அவர் ஒருத்தர்தான் சிரிக்கலை. அப்போ அவருக்கு என்ன நோய்?"

கூர்மையான கேள்வி. இப்போது கூட நீங்கள் உதட்டைக் கடிக்கிறீர்கள் என்பதையும் கவனித்தேன். விடை என்னவென்றால், மண்டபத்தில் அவன் தேறிவிட்டான். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துப் போடப் பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். கெட்டது லிஃப்டில்.

விழா முடிந்து என் அறைக்குப் போக லிஃப்டில் ஏறினேன். அவனும் ஏறினான். கதவு மூடியது. நாங்கள் இருவர் மட்டும். அவன் பொத்தானை அமுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினான்.

"மீசை வழியுது அத்தான். துடைச்சுக்கோங்க. வெளியில ஃபோட்டோக்காரங்க நிக்கிறாங்க."

நான் வாங்கவில்லை.

"அன்னைக்கும் இதுக்குத்தான் ஓடி வந்தேன். சிரிச்சது தப்புதான், அடக்க முடியலை. ஆனா முந்நூறு பேர் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காங்களே, ஒருத்தராவது எந்திரிச்சுச் சொல்ல வேண்டாமா? நம்ம அத்தானாச்சேன்னு ஓடி வந்தேன்."

பிறகு அவனே என் கன்னத்தைத் துடைத்தான், மெதுவாக, குழந்தைக்குத் துடைப்பதுபோல. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்று மாலை அவன் கையில் சான்றிதழ் இருந்திருக்கும். இரண்டு நூல்களும் ஒரு மாநாடும் தீர்க்க முடியாத விவாதத்தை அவன் ஒரு கைக்குட்டையில் முடித்துவிட்டான். எனக்கோ அவன் மீசையைக் கவனித்துவிட்டான் என்பது மட்டும்தான் தெரிந்தது. நோய் வெளியே அடங்கியிருக்கிறது, உள்ளே அப்படியே இருக்கிறது. பேனாவைப் பையில் வைத்தேன். மறுநாள் முதல் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் அதைச் சொன்னபோது என் மனைவி அழவில்லை. குளியலறையிலிருந்து சாயப்புட்டியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள்.

"இதை நீங்க வேணும்னே வாங்கினீங்க."

"சூழ்நிலை ஒரே மாதிரி இருக்கணும். அதுதான் முறை."

"சரி. உங்களுக்குத் தெரியாத ஒரு நோயாளி இந்த வீட்டுல இருக்கா, தெரியுமா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் குளியலறைக்குள்ள போய் எதுக்குக் குழாயைத் திறந்துவிடறேன்னு நினைச்சீங்க?"

நான் சாயப்புட்டியின் மூடியைத் திருகி இறுக்கினேன்.

"நீங்க பேசறதைக் கேட்டுச் சிரிக்கத்தான். வெளியில கேட்கக் கூடாதுன்னுதான் தண்ணி. என் தம்பிக்கு அந்தக் குழாய் இல்லாம போச்சு. அதுதான் அவன் செஞ்ச தப்பு."

எத்தனை வருடத் தண்ணீர் என்று மனதில் கணக்குப் போட முயன்று விட்டுவிட்டேன். என் வீட்டிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், நோயாளி எண் இரண்டு. மருத்துவன் என்ற முறையில் நான் சும்மா இருக்க முடியுமா? சாப்பிட்ட பிறகு நாங்கள் இருவரும் ஒவ்வொரு தம்ளர் பால் குடிப்பது வழக்கம். அன்று அவளுடைய பாலில் இரண்டு மாத்திரைகளைப் பொடித்துக் கலந்தேன். ஆம், கலந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அவளுடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. நோயாளியின் சொல் சான்றாகாது.

அவள் தம்ளரைப் பார்த்தாள். "காத்து வருது, அந்த ஜன்னலைச் சாத்திட்டு வாங்க" என்றாள். போய்ச் சாத்திவிட்டு வந்தேன். இருவரும் குடித்தோம். தம்ளர்கள் இடம் மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் கவனிப்பதுதான் என் தொழில்.

நான் விழித்தபோது மறுநாள் வெயில் சாய்ந்திருந்தது. என் முகத்தை யாரோ ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். மீசை வெள்ளையாக இருந்தது. வீட்டில் குழாய்ச் சத்தம் இல்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்து, "அம்மாவும் அவங்க தம்பியும் பெட்டியோட டாக்ஸியில ஏறிப் போனாங்க சார். ரோடு திரும்பற வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். உங்களுக்கு வந்த புகாரை அவள் போகிற வழியில் கொடுத்திருக்க வேண்டும். ஃபோர்மேன் சான்றிதழ் இல்லாமலே அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டதாகவும் அறிந்தேன். சட்டவிரோதம். தனியாக விசாரியுங்கள்.

எனக்கு வருத்தம் உண்டா என்று நீதிபதி அவர்கள் கேட்டார். உண்டு. கட்டுரையில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்த மாத்திரையை உலகம் முழுவதும் அத்தனை பேர் விழுங்கியிருக்கிறார்கள். அதை எழுதித் தந்தவர்களில் விழுங்கிப் பார்த்த ஒரே ஆள் அநேகமாக நான்தான். விழித்ததும் படுக்கையில் உட்கார்ந்தபடியே எனக்குள் பணிவு வந்திருக்கிறதா என்று நெடுநேரம் பரிசோதித்துப் பார்த்தேன். ஒரே ஒருவரை வைத்து முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது என்பதை நான் அறியாதவன் அல்ல. ஆனாலும் பதிவுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் பணிவு வருவதில்லை. தூக்கம் வருகிறது.